கப்டன் வீட்டுக்குப் போன மருந்துப் போத்தல்கள்

மருந்து கலக்குகிறவனுக்கு ஊரில் நல்ல பெயர் கிடைப்பதில்லை. நோய் தீர்ந்தால் டாக்டரின் கைராசி என்பார்கள், தீராவிட்டால் கொம்பவுண்டர் தண்ணீரைக் கூட்டிவிட்டான் என்பார்கள். இதை வாசிக்கிற உங்களில் பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கறுப்பு மிக்சரை விழுங்கியவர்களாகத்தான் இருப்பீர்கள். கலந்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவனுக்கும் அதே மிக்சர்தான். ஆகவே என்மேல் கோபப்படாமல் கேளுங்கள்.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் டிஸ்பென்சரியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வருடம் வேலை பார்த்தேன். காலையில் தூள் பொட்டலம் மடிப்பேன். பகலில் மிக்சர் கலந்து, போத்தலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு பல் வீதம் வெட்டிய அளவுக் காகிதத்தை ஒட்டிக் கொடுப்பேன். மாலையில், நடந்து வர முடியாதவர்களின் வீடுகளுக்கு மருந்தைக் கொண்டுபோவேன். அப்படிப் போன வீடுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இத்தனை காலமும் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. வாவிக்கு மேலே, அம்பிட்டியப் பாதை ஏறும் இடத்தில் இருந்த கப்டன் வேலாயுதர் வீடு அது.

காதுக்குள் தண்ணீர்

அவர் முதன்முதல் டிஸ்பென்சரிக்கு வந்தது ஒரு மழை நாளில். உயரமான மனிதர். அறுபதை நெருங்கிய வயது. வெள்ளை வேட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. வல்வெட்டித்துறைக்காரர்; பாய்மரக் கப்பலில் ரங்கூனுக்கும் காக்கிநாடாவுக்கும் முப்பது வருடம் ஓடியவர். அவருடைய ஊரில் அந்த வேலைக்குத் தண்டையல் என்று பெயராம். கண்டியில் எல்லோருக்கும் அவர் கப்டன்தான். கடலை விட்டுவிட்டு, அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த மருமகனோடும் மகளோடும் வந்து தங்கிவிட்டார். கடலே கண்ணில் படாத ஓர் ஊர் வேண்டும் என்று அவரே கேட்டு வந்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

வலது காதுக்குள் தண்ணீர் நிற்கிறது என்றார். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், பஞ்சை விட்டுப் பார்த்தார். காது எலும்பு போல உலர்ந்து கிடந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சும்மா அனுப்பக்கூடாதே என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நான் அதை ஊற்றி மூடியை இறுக்கிக்கொண்டிருந்தபோது கப்டன் என் மேசைக்குக் கிட்ட வந்து, கூரையில் விழுகிற மழையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குரலை உயர்த்தாமல், அரிசி விலை விசாரிப்பவரைப் போல என்னிடம் கேட்டார்:

"காதுக்குள்ளை தண்ணி இல்லையெண்டு டாக்டர் சொல்லுறார். அப்ப தண்ணிக்குள்ளை இருந்து கூப்பிடுறது ஆர், தம்பி?"

வேட்டியில் வெள்ளைக் கறை

சில மாதம் கழித்து அவருடைய மகள் சிவகாமி ஒரு வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நான் கொடுத்த மருந்து ஏதோ துணியில் ஊற்றுண்டு கறையாகிவிட்டது, தோய்த்தாலும் மறுநாள் திரும்ப வருகிறது என்று முறைப்பாடு. வேட்டியின் கரையோரமாக, முழங்கால் உயரம் வரை வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். எங்கள் மருந்தில் அப்படிக் கறை வைக்கிற சரக்கு எதுவும் இல்லை. ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் உப்பைக் காட்டிக்கொடுக்கிற வெள்ளிக் காரம் ஒரு சொட்டு விட்டேன். பால் போலத் திரண்டது. வேட்டியின் மறு மூலையை நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். உப்பு.

வியர்வை உப்பாக இருக்கும் என்றேன். கண்டியின் மார்கழிக் குளிரில் முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு மனிதனுக்கு எப்படி வியர்க்கும் என்று அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை இழுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கையில் கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அம்மாவிட்டைக் காட்டினனான். அவா ஒண்டும் கேக்கேல்லை, முகர்ந்து பார்த்திட்டு, இது வங்காளக் கடல் உப்பு எண்டு மட்டும் சொன்னவா."

ஆறு மணிக் கணக்கெடுப்பு

அதற்குப் பிறகு கப்டனின் மனைவி தெய்வானை அம்மாவுக்கு மூட்டு வாதம் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் நான் தைலமும் மிக்சரும் கொண்டுபோனேன். ஒருநாள் போய்ச் சேர ஆறு மணியாகிவிட்டது. வாவிக்கு அப்பால், புத்தரின் பல் இருக்கும் மாளிகையில் மாலைப் பூசை மேளம் தொடங்கிற்று. கப்டன் உள்ளேயிருந்து வந்து முன் விறாந்தையில் நிமிர்ந்து நின்றார். வீட்டில் இருந்தவர்கள் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். கப்பலில் பொழுது சாயும்போது ஆட்களைப் பெயர் சொல்லிக் கணக்கெடுப்பது அவருடைய வழக்கமாம், வீட்டிலும் விடவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பேத்தி பூமணிக்கு அப்போது ஆறு வயது. அவளும் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"தெய்வானை." "ஓம்." "சிவகாமி." "ஓம், அப்பா." மருமகன் பெயரைக் கூப்பிட்டார், அவர் கொஞ்சம் கூச்சத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே ஓம் என்றார். "பூமணி." "ஓம், அம்மப்பா." முடிந்தது என்று நினைத்து நான் போத்தலை நீட்டினேன். கப்டன் என்னைப் பார்க்கவில்லை. பாதையில் இருந்து ஏறி வந்த பனிமூட்டத்தைப் பார்த்து, மற்றப் பெயர்களைவிடச் சத்தமாக, "சின்னத்தம்பி" என்றார்.

அவர் காத்திருந்தார். ஒருவன் நீண்ட கப்பலின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நடந்துவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தெய்வானை அம்மா, "மேலை நிக்கிறான்" என்றார். கப்டன் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் மருந்தைக் கொடுக்கும் சாக்கில் அம்மாவோடு குசினி அடுப்படிக்குப் போய், சின்னத்தம்பி யாருங்கம்மா, மாடி கூட இல்லையே இந்த வீட்டுக்கு என்று கேட்டேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து அளவுக் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்கடை மூத்தவன், தம்பி. பத்தொன்பது வயசிலை இவரோடை கப்பலிலை ஓடி, கடலிலை விழுந்து போனவன். கப்பலின்ரை மேல்தட்டிலை காவலுக்கு நிக்கிறான் எண்டு ஆராவது சொன்னால்தான் இவர் கதவைப் பூட்டுவார்."

நான் கலந்த தவறு

இந்தத் துணுக்கை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மற்றவர்கள் சறுக்கியதை எல்லாம் எழுதிவிட்டு நான் சறுக்கியதை மறைப்பது சரியல்ல என்பதால் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெய்வானை அம்மா, வாதம் பிடித்த காலோடு, இறக்கத்தில் நடந்து டிஸ்பென்சரிக்கே வந்தார். டாக்டர் வெளியே போயிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. கப்டனுக்குத் தூக்கம் வர ஒரு மருந்து வேண்டும், இரவுக்கல்ல, மாலை நாலு மணிக்குக் குடித்தால் ஏழு மணி வரை தூங்கவேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். முந்திய நாள் கணக்கெடுப்பில், தான் வாய் திறக்கும் முன்னே வெளியிலிருந்து பதில் வந்தது என்றார். காற்றாக இருக்கும் என்றேன். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஆனால் பூமணி திரும்பிப் பார்த்தவள், தம்பி. காத்துக்கு ஒரு பிள்ளை சிரிச்சுக்கொண்டு திரும்பிப் பார்க்குமே?" என்றார். நான் டாக்டரைக் கேட்காமல் புரோமைடு மிக்சர் ஒரு வேளைக்குக் கலந்து, அதில் ஏலக்காய் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

அன்று பிற்பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. வயதானவர், அளவு கூடிவிட்டதோ என்ற பயம். ஐந்தரைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு ஏறிப் போனேன். கப்டன் சாய்மனைக் கதிரையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நாடி பார்த்தேன், சீராக இருந்தது. மேளம் தொடங்கிற்று, முடிந்தது. அந்த வீட்டில் முதல் தடவையாக யாரும் யாருடைய பெயரையும் கூப்பிடவில்லை. அம்மா என்னைப் பார்த்து, அப்பாடா என்பது போல மூச்சு விட்டார். அடுத்த நிமிடம் சிவகாமி பின்பக்கத்திலிருந்து வந்து, "பூமணி இங்கையோ?" என்று கேட்டார்.

அவள் எங்குமே இல்லை. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், பக்கத்து வீட்டில், எங்கும் தேடினோம். மருமகன் அம்பிட்டியப் பக்கம் ஓடினார். நான் கீழே ஓடினேன். வாவிக் கரைச் சுவரில் தண்ணீருக்கு இறங்கும் படி ஒன்று உண்டு. அதன் கடைசிப் படியில், தண்ணீரில் பாதம் படும்படி, பூமணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்காரத்தக்க அளவு இடம் விட்டிருந்தாள். சட்டை உலர்ந்திருந்தது. பயந்த முகமே இல்லை. நான் வாரித் தூக்கிக்கொண்டு சுவருக்கு மேலே வந்தேன். ஏன் பிள்ளை இங்க வந்தே என்று கேட்டேன். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"இண்டைக்கு ஏன் பேர் கூப்பிடேல்லை எண்டு ஒரு மாமா வந்து கேட்டவர். அம்மப்பா நித்திரை எண்டனான். அப்ப நீ வந்து என்ரை பேரைச் சொல்லு எண்டு கூட்டிக்கொண்டு வந்தவர்."

டாக்டர் சொன்னது

மறுநாள் காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் முதலில் புரோமைடு அளவைக் கேட்டார், பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த வீட்டில் தினமும் செத்தவனின் பெயரைக் கேட்டு வளர்கிற பிள்ளை இப்படித்தான் பேசும், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று விளக்கம் சொன்னார். நியாயமான விளக்கம்தான். எனக்கும் ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் தனக்கு வந்த நோயாளிகளை வழக்கம்போலப் பார்த்தார். நான்காம் நாள், தூள் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்த என்னிடம், தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அந்த வீட்டுக்கு இனிமேல் தூக்க மருந்து எழுதமாட்டேன். அவர் கூப்பிடட்டும், சவரிமுத்து."

கலகெதரையில் நாலாவது ஆள்

முப்பதுகளில் ஒரு வருடம் மழை பொய்த்து, ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, மலேரியாக் காய்ச்சல் பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கலகெதரைப் பக்கத்தில் வீடு வீடாக ஆட்கள் படுத்துவிட்டார்கள். டாக்டர் என்னிடம் கொயினா குளிசைகளைப் பெட்டியில் கட்டிக் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினார். பஸ் நிற்கும் இடத்தில் கப்டன் பொல்லை ஊன்றிக்கொண்டு எனக்கு முன்னே வந்து நின்றார். கப்பலில் காய்ச்சல்காரர்களைப் பார்த்த கை, ஒரு ஆளுக்கு ஆளாக வருகிறேன் என்றார். மறுத்துப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கலகெதரையில் கடை வைத்திருந்த ஹனிபா நானா எங்களை வீடுகளுக்குக் கூட்டிப்போனார். நல்ல மனிதர்; கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாளாகக் கஞ்சி சுமந்துகொண்டிருந்தார். கப்டன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று உள்ளே இருப்பவர்களின் பெயரை நானாவிடம் கேட்டுச் சத்தமாகக் கூப்பிடுவார். பதில் சொல்லத் தெம்பு இருக்கிறவர்களுக்கு நான் குளிசை கொடுப்பேன். பதில் வராதவர்களிடம் அவரே போய்த் தலையைத் தூக்கி, கரைத்து, வாயில் விடுவார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அந்தப் பெரிய கைகள் நடுங்கவே இல்லை.

பாதையின் கடைசி வீட்டில் மூன்று பேர் கிடந்தார்கள். மூவருக்கும் கொடுத்துவிட்டு நான் பெட்டியை மூடினேன். கப்டன் முற்றத்தில் கண்ணை மூடி நின்றார். வலது காதை வீட்டுப் பக்கம் திருப்பியிருந்தார். "நாலாவது ஆள் எங்கை?" என்றார். நானா, இந்த ஊட்டுல மூணு பேர்தான் என்றார். கப்டன் வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார். நெல் போட்டுவைக்கும் பழைய கொட்டில் ஒன்று, கதவு சாத்தியிருந்தது. உள்ளே வைக்கோலுக்குள் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். எங்கிருந்தோ நடந்து வந்தவள், இரவுக்கு ஒதுங்கினவள், எழும்ப முடியாமல் போயிருக்கிறாள். உதடு வெடித்திருந்தது. முனகக்கூட அவளிடம் சத்தம் இல்லை. துணியை நனைத்து நனைத்து வாயில் பிழிந்தோம். அவள் பிழைத்தாள். ஹனிபா நானா கொட்டில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துக் கேட்டார்:

"நான் ரெண்டு நாளா இந்த முத்தத்துல வந்து போறேன், ஒரு சத்தமும் எனக்குக் கேக்கல்ல. உங்களுக்கு என்னத்துல கேட்டிச்சி, கப்டன்?"

திரும்பி வரும் வழியில்

அந்தக் கேள்விக்கு அவர் அங்கே பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ் பாதி வழியில் பழுதாகி நின்றது. சாரதி எதையோ கழற்றிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். நாங்கள் பாதையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பிற்பகல் வெயில் மங்கி, பள்ளத்தில் இருந்து புகை மாதிரிப் பனி ஏறிக்கொண்டிருந்தது. கப்டன் தேநீரைத் தொடவில்லை. அவராகவே தொடங்கினார்.

ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி வந்த பயணம். அவரைத் தவிர எட்டுப் பேர் கப்பலில். புயலில் முன்பாய் கிழிந்து அடித்தது. அதை வெட்டி விடச் சின்னத்தம்பி ஏறினான். அலை ஒன்று அவனை எடுத்துக்கொண்டு போயிற்று. சுக்கானைப் பிடித்திருந்தவர் கப்டன். அந்தக் காற்றில் கப்பலைத் திருப்பினால் புரண்டுவிடும், எட்டுப் பேரும் போவார்கள். திருப்பாமல் ஓடினால் ஏழு பேர் வீடு சேர்வார்கள். அந்த ஏழு பேருக்கும் வீட்டில் தாய் இருந்தாள், சிலருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் திருப்பவில்லை. ஊருக்கு வந்து மனைவியிடம், மகன் விழுந்ததைத் தான் பார்க்கவில்லை, கூப்பிட்டுப் பார்த்தபோது பதில் இல்லை, அதன் பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

அதில் என்ன தப்புங்க ஐயா, ஏழு பேரைக் கொண்டுவந்து சேர்த்தீங்களே என்றேன். அவர் ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"நான் கூப்பிட்டனான், தம்பி. அவன் தண்ணிக்குள்ளை இருந்து ஓம் எண்டவன். ரெண்டு தரம் சொன்னவன். எனக்குக் கேட்டது. கேக்கேல்லை எண்டு தாய்க்குச் சொன்னனான்."

நான் கூப்பிட்ட நாள்

கலகெதரைக்குப் போய்வந்து ஒன்றிரண்டு வருடத்தில் கப்டனுக்கு நெஞ்சுச் சளி கட்டி நிமோனியாவாகிவிட்டது. டாக்டர் தினமும் ஏறிப்போனார். நான் ஆளிவிதைப் பற்றுப் போட்டேன். நான்காம் நாளிலிருந்து குரல் முழுவதும் போய்விட்டது. சைகைதான். ஐந்தாம் நாள் மாலை மேளம் தொடங்கியதும் அவர் கட்டிலில் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. பெயர்களைக் கூப்பிடும்படி கண்ணால் மருமகனைக் கேட்டார். அந்த மனிதரைக் குறை சொல்லமாட்டேன்; அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். தெய்வானை அம்மா என் பக்கம் திரும்பி, "நீர் கூப்பிடும், தம்பி" என்றார்.

நான் கத்தோலிக்கன். மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டேன். அந்த அறை வாசலில் நின்று கூப்பிட்டேன். தெய்வானை அம்மா ஓம் என்றார். சிவகாமி ஓம் என்றார். மருமகன் முற்றத்தில் இருந்தே ஓம் என்றார். பூமணி பாவாடை கட்டுகிற பெரிய பிள்ளையாகிவிட்டாள். அழுதுகொண்டே ஓம் என்றாள். பிறகு நான் "சின்னத்தம்பி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வழக்கமான நேரம் காத்திருந்தோம். அம்மா பதில் சொல்லவேண்டிய இடம் வந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பேசாமல் நின்றார்.

மேளம் நின்றுவிட்டது. வாசல் கதவு திறந்தே இருந்தது. முற்றத்தில் பனி. அந்த நேரத்தில் உனக்கு என்ன கேட்டது என்று என் மனைவிகூடப் பலதடவை கேட்டிருக்கிறாள். ஈரக் காலோடு யாரோ விறாந்தைச் சீமெந்தில் ஏறினால் வருகிற சத்தம் போல ஒன்று கேட்டது. அது மருமகனாக இருக்கலாம், ஆனால் அவர் முற்றத்தில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை என்று பிறகு சொன்னார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கப்டன் மட்டும் தலையணையில் முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். இரண்டு நாளாகக் காற்றுக்கூட ஒழுங்காக வராத தொண்டையிலிருந்து, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னார்:

"கேட்டது, ராசா. அண்டைக்கும் கேட்டது. வாறன்."

வெறும் போத்தல்கள்

கப்டனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு ஒரு நாள் தெய்வானை அம்மா, கோரை பின்னிய ஒரு பன்பையில் காலிப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். எல்லாம் கழுவி, அளவுக் காகிதம் உரித்து, வெயிலில் காயவைத்தவை. இந்தத் தடவை கதிரையில் உட்கார்ந்தார். நான் போத்தல்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, பல நாளாக என் நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அன்னைக்கு ஏன்மா பேசாம இருந்தீங்க?

"அவருக்கும் அவனுக்கும் இடையிலை ஒரு கதை இருந்தது. நான் நடுவிலை நிண்டு பதில் சொல்லக்கூடாது எண்டு நினைச்சனான்" என்றார். என் கை நின்றுவிட்டது. உங்களுக்குத் தெரியுமாம்மா என்றேன். தெரியும் என்றார். கப்பல் கரைக்கு வந்த அதே கிழமை, அதில் வந்த ஏழு பேரில் ஒருவன் வந்து காலில் விழுந்து அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். மகன் பதில் சொன்னதும் தெரியும், தகப்பன் கேட்டதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அத்தனை வருடமும் ஒவ்வொரு மாலையும் மேலே நிற்கிறான் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் அதைச் சுமந்துகொண்டு இத்தனை வருடம் கிடந்தாரே, எனக்குத் தெரியும், நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். டாக்டருக்குக் கேட்டிருக்கும், அவர் உள்ளே கதிரையை நகர்த்தினார். அம்மா கோபப்படவில்லை. பையை மடித்து மடியில் வைத்தார்.

"சொன்னால் அவருக்கு ஆறியிருக்கும், தம்பி. ஆறினால் கூப்பிடுறதை விட்டிருப்பார். என்ரை பிள்ளையின்ரை பேர் ஒரு நாளைக்கு ஒருக்காவெண்டாலும் அந்த வீட்டிலை கேக்கவேணும் எண்டு நான் ஆசைப்பட்டனான். அது பிழைதான்."

பிறகு, இப்போது யார் கூப்பிடுகிறார்கள் என்று மெல்லக் கேட்டேன். அவர் எழும்பி, காலை ஊன்றிச் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்று சொன்னார்:

"நான்தான் கூப்பிடுறன், ரெண்டு பேரையும். இப்ப அவங்களுக்காக ஆரும் பதில் சொல்லத் தேவையில்லை."

அந்த டிஸ்பென்சரியில் வேலை பார்த்து நான் கண்டது இவ்வளவுதான்: மனிதருக்குப் பாதி நோய் சொல்லாமல் வைத்திருப்பதால் வருகிறது, மீதிப் பாதி சொல்லிவிடுவதால் வருகிறது, இரண்டுக்கும் நாங்கள் கொடுத்தது ஒரே கறுப்பு மிக்சர்தான்.